மூட்டுவாதக்காரர் கைக்கு எந்த மாத்திரைப் பெட்டி? டர்பன் கடைகளில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று எங்கே மருந்து வாங்கப் போனாலும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். பிரஷர்காரர், சர்க்கரைக்காரர்களை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. முடக்குவாதம், சொரியாசிஸ் மூட்டுவாதம், முதுகை இறுக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற அழற்சி மூட்டுவாதம் உள்ளவர் அதை வாங்கினால் இரண்டு இடத்தில் இடிக்கும். மூடியைத் திறக்க வராது. இது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதிகம் பேசப்படாத குறை இன்னொன்று: ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும் மருந்தையும் மூன்று மாதம் பொறுத்துத்தான் வேலை செய்யும் மருந்தையும் ஒரே அறையில் போட்டு, அன்றைய வலியை வைத்தே இரண்டையும் எடைபோட வைத்துவிடுகிறது இந்தப் பெட்டி. மருந்தை நடுவில் விடுவதற்கு மறதியைவிட இந்த எடைபோடல்தான் அடிக்கடி காரணமாகிறது.

கடையில் கிடைக்கும் நான்கு வகைப் பெட்டிகளையும், மருந்தகமே அடைத்துத் தரும் வார அட்டையையும் இங்கே பார்க்கலாம். பிராண்டு பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரே மாதிரிப் பெட்டி பல பெயரில் வருகிறது. வகை தெரிந்தால் போதும்.

மூடி, அறை, எழுத்து

பெட்டியைக் கடையில் மத்தியானம் மூன்று மணிக்குத் திறந்து பார்த்து "சுலபமாத்தான் இருக்கு" என்று வாங்குவதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அழற்சி மூட்டுவாதத்தில் கை மோசமாக இருப்பது காலையில். விறைப்பு விட ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். மாத்திரை எடுக்க வேண்டிய நேரமும் அதேதான். ஆகவே கடையில் சோதிக்கும்போது கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் பயன்படுத்தாதீர்கள். மடக்கிய விரலின் முட்டியாலோ உள்ளங்கையின் அடிப்பக்கத்தாலோ திறக்க வருகிறதா பாருங்கள். வந்தால் காலையிலும் வரும்.

ஒற்றை வரிசையில், நகத்தால் நெம்பித் திறக்கும் மூடி வைத்த பெட்டிதான் எல்லாக் கடையிலும் கிடைப்பது, விலையும் குறைவு. விரல் அடிமூட்டு வீங்கியவருக்கு இது ஆகாது. நெம்புவதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். கட்டைவிரல் அடிமூட்டில் விழும் பாரம் அந்தக் கிள்ளலைப் போலப் பல மடங்கு. புதுப் பெட்டியின் மூடி கெட்டியாக இருக்கும். சில மாதத்தில் கீல் தளர்ந்துவிட்டால் கைப்பைக்குள் தானே திறந்து மாத்திரையெல்லாம் பையடியில் கிடக்கும். இதையே வாங்குவதென்றால், மூடியின் நாக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய அளவைப் பாருங்கள். அந்த நாக்கின் கீழே தேக்கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பலாம்.

அறையின் அளவையும் பார்க்க வேண்டும். மூட்டுவாதத்தை அடக்கத் தினமும் எடுக்கும் சல்ஃபாசலசின் என்ற மருந்துக்கு வழக்கமான முழு அளவு நாளொன்றுக்கு 2 கிராம். அதாவது 500 மி.கி. மாத்திரை காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அது பெரிய மாத்திரை. சின்னப் பெட்டியின் அறையில் இரண்டைப் போட்டாலே மூடி சரியாக உட்காராது. அழுத்தி மூடினால் மேல்பூச்சு வெடிக்கும். குடலில் கரையும்படி பூச்சுப் போட்ட வகை என்றால், பூச்சு வெடித்த மாத்திரை வயிற்றிலேயே கரைந்து குமட்டும். அப்புறம் "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கவே இல்லை" என்ற பேச்சு வரும்.

காலை, மதியம், மாலை, இரவு என்று நாளுக்கு நான்கு அறை வைத்த 28 அறைப் பெட்டியில் ஒவ்வொரு நாளும் தனித் துண்டாகக் கழன்று வரும். வேலைக்குப் போகிறவர் அன்றைய துண்டை மட்டும் எடுத்துப் போகலாம். நல்ல யோசனைதான். ஆனால் துண்டை அதன் சட்டத்திலிருந்து உருவுவதற்கும் கிள்ள வேண்டும். சட்டம் இல்லாமல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வகை கிடைத்தால் அதை எடுக்கலாம். பொத்தானை அழுத்தினால் மூடி எழும் வகைதான் கைக்கு எல்லாவற்றையும்விட இதம். முட்டியாலேயே அழுத்தலாம். அதன் குறை ஸ்பிரிங். ஒரு பக்கம் அழுத்தும்போது பக்கத்து அறையும் எழுந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

எழுத்து சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இங்கே விற்கும் பெட்டிகளில் ஆங்கில முதலெழுத்துதான் பொறித்திருக்கும். அதில் ஞாயிறும் சனியும் ஒரே எழுத்து, செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்து. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து இருக்கும்போது இது சின்ன விஷயமே அல்ல. திங்கள், புதன், வெள்ளி மூன்றுக்கும்தான் தனித்தனி எழுத்து. ஆகவே வார மருந்துக்கு அந்த மூன்றில் ஒரு நாளை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆயாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும் என்று 'ஞா, தி, செ, பு, வி, வெ, ச' என வீட்டில் ஒட்டிக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: மங்கிய கண்ணுக்கு 'வி'யும் 'வெ'யும் ஒன்றாகவே தெரியும். 'வியாழன்' என்று முழுதாக எழுதி, வெள்ளிக்கு வேறு நிறத் தாளில் ஒட்டுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பெட்டிக்குள் போடாதீர்கள்

இதில் எங்கள் கருத்து உறுதியானது. முடக்குவாதத்துக்கு முதலில் எழுதும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்தான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 7.5 முதல் 25 மி.கி. வரை. 2.5 மி.கி. மாத்திரையாக வாங்கினால் 15 மி.கி.க்கு ஆறு மாத்திரை, 20 மி.கி.க்கு எட்டு. வாரத்துக்கு உரியதைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்து. உலகெங்கும் நடந்திருக்கிற தவறு இது. 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதற்காகவே தனி எச்சரிக்கை ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது; புட்டியில் கொட்டிக் கொடுக்காமல் அட்டையில் அடைத்துக் கொடுக்கச் சொன்னதும் அதில் ஒன்று. அட்டையிலிருந்து பிதுக்கி மாத்திரைப் பெட்டியில் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கூடவே, அதன் பக்கவிளைவைக் குறைக்க, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வரும். 5 மி.கி. மாத்திரை, மருத்துவர் எழுதியபடி வாரத்தில் ஒரு நாளோ சில நாளோ, மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் நாள் நீங்கலாக. இரண்டும் சின்னதாய், உருண்டையாய், மஞ்சளாய் இருப்பது உண்டு. அட்டை இல்லாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி போட்டவருக்கும் வித்தியாசம் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். மெத்தோட்ரெக்சேட்டை அதன் அட்டையோடு, எழுதி ஒட்டிய தனி டப்பாவில், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாத்திரைப் பெட்டியின் திங்கள் அறையில் 'இன்று மெத்தோ, டப்பாவில், 6 மாத்திரை' என்று எழுதிய துண்டுச் சீட்டை மட்டும் மடித்துப் போடுங்கள். மாத்திரை எடுத்ததும் சீட்டைச் செவ்வாய் அறைக்கு மாற்றாமல் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் பெட்டியை நிரப்பும்போது அது திரும்ப வரும். ஒரு திங்கள் தவறிப்போனால் இரண்டு நாளுக்குள் எடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த திங்களுக்குக் காத்திருக்க வேண்டும். இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. தவறித் தினமும் எடுத்துவிட்டது தெரிந்தால் வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அட்டையோடு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாத்திரையைத் தொட்டபின் கை கழுவவும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணியும் கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவரும் இதை அடைக்கும் வேலையைச் செய்ய வேண்டாம்.

பெட்டிக்கு வெளியே வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மனது சம்பந்தப்பட்டது. மெத்தோட்ரெக்சேட் எடுத்து இரண்டு மூன்று முறை குமட்டியவருக்கு, பிறகு அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்ததுமே குமட்ட ஆரம்பிப்பது உண்டு. மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்னாலேயே வரும் குமட்டல் இது. உடம்பு கற்றுக்கொண்ட பாடம். நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. மூட்டுவாதம் உள்ள குழந்தைகளிடம் இதை நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடி போன்ற மூடி வைத்த பெட்டியில் ஆறு மஞ்சள் மாத்திரை வாரம் முழுக்க மேசையில் தெரிந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் குமட்டல் ஏழு நாளாகிவிடும். இப்படி ஆனவர் சும்மா மருந்தை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்: மருத்துவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொல்லலாம், ஃபோலிக் அமிலத்தைக் கூட்டலாம், ஊசியாக மாற்றலாம். வழி இருக்கிறது.

ஒரே அறைக்குள் மூன்று வேகம்

புதிதாக நோய் கண்டவரின் பெட்டியில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை அறையைத் திறந்து பாருங்கள். ஒரு பிரெட்னிசோன் (வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு), இரண்டு சல்ஃபாசலசின், ஒரு வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று. வலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டும். பிரெட்னிசோன் ஓரிரு நாளில். சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் போல நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளுக்கு 6 முதல் 12 வாரம் வேண்டும். எடுப்பவருக்கு அவை அனைத்தும் ஒரு மடக்குத் தண்ணீரில் போகும் ஒரே பிடி. அன்று வலி குறைந்தால் "ஐந்தும் எதற்கு, நல்லாத்தானே இருக்கேன்". வலி ஏறினால் "ஐந்து போட்டும் ஒண்ணும் கேக்கல". இரண்டு வழியிலும் முதலில் பலியாவது மெதுவாக வேலை செய்யும் மருந்து. மூட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

இந்த இடத்தில் உளவியலாளர்கள் சொல்வது கைகொடுக்கிறது. ஒருவர் மருந்தைத் தொடர்வாரா என்பது அவர் மனதுக்குள் இரண்டு தட்டில் எதை எதை வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது: "இது எனக்குத் தேவை" என்ற நம்பிக்கை ஒரு தட்டில், "இது என்னை என்ன செய்யுமோ" என்ற அச்சம் மறுதட்டில். இதை அளப்பதற்கான கேள்வித்தாள் 1999-இலேயே வந்துவிட்டது. முடக்குவாதக்காரர்களில் மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்த ஆய்வுகள் 30 முதல் 80 விழுக்காடு வரை எங்கெங்கோ போகின்றன. ஆனால் அச்சத் தட்டு கனமானவர் விடுவார் என்பது பொதுவாகத் திரும்பத் திரும்பத் தெரியவருகிறது. மாத்திரைப் பெட்டி இந்தத் தராசைத் தொடுவதே இல்லை. மறந்தவருக்கு அது உதவும். வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு, எதை விட்டேன் என்று காட்டும் சாட்சியாக மட்டும் இருக்கும்.

எங்கள் யோசனை: வலி மாத்திரையைப் பெட்டியில் போடாதீர்கள். தேவைப்பட்டால் எடு என்று எழுதியது தனி டப்பாவில் இருக்கட்டும், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்று மூடியில் எழுதி. பெட்டியில் இருப்பவை வலியைப் பார்த்து எடுப்பவை அல்ல, நாளைப் பார்த்து எடுப்பவை என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும். பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு தேதியை ஒட்டுங்கள்: மருந்து தொடங்கிய நாளிலிருந்து 12 வாரம் கழிந்த நாள். "கேக்குதா, கேக்கலையா" என்ற தீர்ப்பு அன்றைக்குத்தான், மருத்துவர் முன்னால்.

அந்தத் தேதியில் பெட்டி ஒரு பெரிய உபகாரம் செய்யும். மருந்து கேட்கவில்லை என்பதும் மருந்து உள்ளே போகவில்லை என்பதும் இரண்டு வேறு நோய் மாதிரி. முதலாவதற்கு மருந்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு மாற்றினால் அடுத்த மருந்துக்கும் அதே கதிதான். எடுக்காத மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் ஒரு உறையில் சேர்த்து, ஸ்கிரிப்ட் (மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு) புதுப்பிக்கப் போகும்போது எடுத்துப் போய் மேசையில் வைத்தால், மருத்துவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவச் செலவுத் திட்டம்) உள்ளவர்களுக்கு இது பணக் கணக்கும்கூட. முடக்குவாதம் இங்கே கட்டாயமாக மருந்துச் செலவு தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பழைய மருந்துகள் கேட்காதபோது எழுதும், விலை கூடிய உயிரியல் (பயாலஜிக்) ஊசிக்கு அனுமதி கேட்கும்போது, பழைய மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் எடுத்தாரா என்று கேட்பார்கள்.

வலி ஏறிய நாளில் மனது என்ன செய்யும் என்பதையும் பெட்டி வாங்கும்போதே யோசித்துவிடலாம். வலியைப் பூதாகரமாக நினைக்கும் பழக்கத்தை அளக்க 1995-இல் வந்த 13 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 52. அது மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்கிறது: வலியையே அசைபோடுவது, அது எதில் கொண்டுபோய் விடுமோ என்று பெருக்குவது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிடுவது. மூன்றாவதில்தான் மருந்து கைநழுவும். "இனி என்ன எடுத்து என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குப் பெரிய பெட்டி தேவையில்லை, பேச ஆள் தேவை. முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு உண்டு என்று தொகுப்பாய்வு சொல்கிறது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கிளினிக்கில் வெளிப்படையாகக் கேட்கலாம்.

வேறொரு பக்கமும் உண்டு. ரத்தப் பரிசோதனை நன்றாக வந்து, வீக்கமும் வற்றி, வலி மட்டும் நிற்கிறது என்றால் அது வலி நரம்புகள் கூர்மையாகிவிட்டதாலும் இருக்கலாம். முடக்குவாதக்காரர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் (வீக்கம் இல்லாமலே உடம்பெங்கும் வலிக்கும் நோய்) சேர்ந்திருக்கிறது. அங்கே மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டியும் பயனில்லை, கோபத்தில் நிறுத்தியும் பயனில்லை. தூக்கம், மெதுவாகக் கூட்டும் நடை, வலியோடு பழகும் மனப் பயிற்சி ஆகியவைதான் அதற்கு வழி.

நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதுதான் அடுத்த வாரத்து மருந்து வெறுப்புக்கு வித்து. தீபாவளிக்கு முன்னால் ஒரே மூச்சில் முறுக்கு பிழிந்தால் (அழுத்திப் பிழிவதும் திருகுவதும் விரல் மூட்டுக்கு ஆகாதவை) மறுநாள் கை வீங்கும், குற்றம் மாத்திரை மேல் விழும். சுமாரான நாளில் வலி ஏறாமல் 20 நிமிடம் செய்ய முடிகிறதென்றால் 15 நிமிடத்தில் நிறுத்துங்கள், நன்றாக இருந்தாலும் சரி. ஓய்வுக்குப் பிறகு மீண்டும் 15. வாரம் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். சமையலறையில் மணியடிக்கும் கடிகாரத்தை வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அலாரம் வைத்த மாத்திரைப் பெட்டியைவிட அதற்கு உபயோகம் அதிகம்.

பெட்டியை யார் நிரப்புவது, யார் பார்ப்பது

நிரப்புவது ஞாயிறு மாலை. கை இளகியிருக்கும் நேரம், நல்ல வெளிச்சம், ஒரு தட்டு. ஒரு மருந்தின் அட்டையை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்த அட்டையைத் தொட வேண்டும். ஒரு நாளுக்கு எல்லா மருந்தும் என்று போட்டால் எண்ணிக்கை தவறும். முடிந்தால் நோயாளியே நிரப்ப வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஸ்கிரிப்டை வாசிக்கலாம்.

நல்ல மனதோடு மகளோ மருமகளோ பெட்டியை நிரப்பி, தினமும் மூடியைத் திறந்து பார்க்கத் தொடங்கும் வீடுகளில் பெட்டி போலீஸ்காரர் ஆகிவிடுகிறது. வியாழன் அறை நிரம்பியிருந்தால் "அம்மா, நேத்து ஏன் எடுக்கல?" என்று கேள்வி. அம்மா அடுத்த முறை வியாழன் மாத்திரையை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிடுவார், அறை காலியாக இருக்கும், எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவர் அளவைக் கூட்டுவார். இது கற்பனை அல்ல, மருந்தகத்தில் வேலை செய்யும் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

கேள்வியை மாற்றுங்கள். "எந்த மாத்திரையைப் பாத்தா போட வேணாம்னு இருக்கும்மா?" என்று கேட்டால் பதில் வரும்: கல்லீரல் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னது, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது, முடி கொட்டுவது. ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் உண்டு. சல்ஃபாசலசின் எடுத்தால் சிறுநீர் ஆரஞ்சாகத்தான் போகும், அதனால் கெடுதல் இல்லை. கல்லீரலைக் கண்காணிக்கத்தான் ரத்தப் பரிசோதனை: தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நிலைத்த பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கேள்வி கேட்காமல் விட்ட அச்சம்தான் அறையில் மாத்திரையாக மிஞ்சுகிறது.

விரத காலம் தனிக் கதை. புரட்டாசியிலும் தைப்பூசக் காவடி விரதத்திலும் மருந்தையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கு ஒரு விடுமுறை கிடைத்தது என்று மனது சந்தோஷப்படுவதும் உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சைவச் சாப்பாட்டுக்கும் இந்த மருந்துகளுக்கும் எந்தப் பகையும் இல்லை. ஒரு வேளை மட்டும் உண்பவர், உணவோடு எடுக்க வேண்டியவற்றை அந்த வேளைக்கு மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, பெட்டியின் அறைகளை அதற்கேற்ப மாற்றி நிரப்பலாம். வெறும் வயிற்றில் வலி மாத்திரை வேண்டாம். பிரெட்னிசோனைச் சில வாரத்துக்கு மேல் எடுத்தவர் எக்காரணத்துக்கும் திடீரென நிறுத்தக் கூடாது. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு உறங்கிப்போயிருக்கும். நடந்து போகும் கூட்டத்தில் மயங்கி விழ நேரிடலாம்.

நிறுத்தியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. காய்ச்சலோ ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் தொற்றோ வந்தால் மெத்தோட்ரெக்சேட்டை எடுக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கோட்ரைமாக்சசோல் நம் நாட்டுக் கிளினிக்குகளில் அடிக்கடி எழுதும் ஆன்டிபயாட்டிக். மெத்தோட்ரெக்சேட்டோடு அது சேரவே கூடாது. எந்த கிளினிக்குக்குப் போனாலும் டப்பாவைக் காட்டுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி மாத்திரைப் பெட்டியோடு ரப்பர் பேண்டு போட்டு வைப்பது, நாங்கள் பார்த்த எந்தப் பெட்டியோடும் வராத, ஆனால் வந்திருக்க வேண்டிய உதிரிப் பாகம்.

மற்றவை

அலாரம் வைத்த மின்னணுப் பெட்டிக்குப் பணம் கொடுக்க அவசியமில்லை. கைப்பேசி அலாரமே போதும். அலாரம் அடிப்பதைக் கேட்டு அணைத்துவிட்டு மாத்திரை எடுக்காமல் இருப்பவருக்கு இன்னொரு அலாரம் எதையும் செய்யாது.

மருந்தகமே வாரத்துக்கு அடைத்து ஒட்டித் தரும் அட்டை, கண் மங்கியவருக்கும் மருந்து அதிகம் உள்ளவருக்கும் நல்லது. எண்ணிக்கைத் தவறு குறையும். ஆனால் பின்பக்கத் தாளை விரலால் குத்தித் திறக்க வேண்டும். வீங்கிய விரலுக்கு அது ஒரு தண்டனை. பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் குத்தலாம். மெத்தோட்ரெக்சேட்டை அதில் சேர்க்காமல் தனியாகத் தரச் சொல்லுங்கள். அளவு நடுவில் மாறினால் அட்டை முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; பழைய அட்டையிலிருந்து வீட்டிலேயே பொறுக்குவது தவறுக்கு அழைப்பு.

உயிரியல் ஊசி போட்டுக்கொள்பவருக்கு மாத்திரைப் பெட்டியால் பயனில்லை. ஊசி 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். மின்சாரம் நீண்ட நேரம் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் வையுங்கள். சில ஊசிகளை 25 டிகிரிக்குள் சில நாள் வெளியே வைக்கலாம் என்று உறையில் எழுதியிருக்கும். டர்பனில் ஜனவரி மாதத்து அறை அந்த 25-ஐத் தாண்டிவிடும் என்பதை உறை எழுதியவர் யோசித்திருக்கமாட்டார். பெட்டிக்கும் இதே சூடும் ஈரமும்தான் எதிரி. குளியலறை அலமாரி, கார் டேஷ்போர்டு, அடுப்புக்கு மேல் தட்டு மூன்றும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பி வைக்காதீர்கள்.

இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்: கையில் வீக்கம் உள்ளவர், காலை மாலை இரண்டு வேளை மருந்து என்றால், பொத்தான் வகையில், நாளுக்கு இரண்டு பெரிய அறை வைத்த, மூடி வழியாக உள்ளே தெரியாத பெட்டி. கூடவே இரண்டு சின்ன டப்பா, ஒன்று மெத்தோட்ரெக்சேட்டுக்கு, ஒன்று வலி மாத்திரைக்கு. வேலைக்குப் போகிறவர் காந்தம் வைத்த துண்டு வகையை வாங்கலாம். நெம்பும் வகையை முதுகும் இடுப்பும் மட்டும் பாதித்து, கை நன்றாக உள்ளவர் தாராளமாக வாங்கலாம், காசு மிச்சம்.

மாதம் ஒருமுறை பெட்டியைக் கழுவுங்கள், ஆனால் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு அல்ல. முதலில் ஈரத் தாளால் அறையின் மூலைகளில் படிந்த பொடியைத் துடைத்து அந்தத் தாளை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். மூடிகளைத் திறந்தபடியே ஓர் இரவு காயவிட்டு, கீல் இடுக்கில் ஈரம் இல்லை என்று விரலால் தொட்டுப் பார்த்தபின் நிரப்புங்கள். ஈரம் பட்ட பிரெட்னிசோன் அறையோடு ஒட்டிக்கொண்டு பாதிதான் வெளியே வரும்.